தொண்ணூற்றெட்டு

எபனேசர் பந்து போட வரும்போது மட்டும்
ஸ்டம்புக்கு ஒரு சாண் நெருங்கி உட்காருவேன்.
அவன் பந்துக்குச் சத்தம் உண்டு.
இடக்கை விரலை விட்டுக் கழலும்போது
தீக்குச்சி உரசியது போல ஒரு சின்னச் சீறல்.
பாலஸ்டியர் சாலையில் பேருந்து பெருமூச்சு விட்டு நிற்பதையும் தாண்டி
எனக்கு அது கேட்கும்.

துவாஸில் குளிர்பதனக் கிடங்கு. இரவு ஷிஃப்ட்.
உறைந்த இறால் பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு
கண் சிவக்க ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருகிறவன்.
அவன் யாரென்று முதல் மாதம் எங்களுக்குத் தெரியாது.
பத்தாவது ஆளாக அனுப்பினோம்,
ஃபைன் லெக்கில் நிறுத்தினோம்.
நின்றான்.

இன்று அவனுடைய நான்காவது ஓவர்.
மட்டையாளன் இரண்டடி இறங்கிவிட்டான்.
பந்து அவனைச் சுற்றிக்கொண்டு வந்து
என் கையுறை விளிம்பில் பட்டு
தொடையில் விழுந்து உருண்டது.
சாப்பிட்டு முடித்த பூனையின் நிதானத்தில்
கிரீஸுக்குத் திரும்பிப் போனான் மட்டையாளன்.
எபனேசர் ஒன்றும் சொல்லவில்லை.
கையை நீட்டினான், பந்து வேண்டுமென்று.

அடுத்த ஓவரில் மின்னல் எச்சரிக்கைச் சங்கு.
எல்லோரும் கூரைக்கடியில்,
கோப்பி ஓ பிளாஸ்டிக் பைகளில் தொங்க.
பையன்கள் வழக்கம்போல் ஆரம்பித்தார்கள்:
பெரிய ஆளு யாரையாச்சும் அவுட் ஆக்கிருக்கீங்களாண்ணே?
"ரெண்டு பேரை. சொன்னா நம்ப மாட்டீங்க."
சொல்லவும் இல்லை.

கைப்பேசியில் தேடினேன்.
முப்பத்தொரு முதல்தர ஆட்டங்கள்.
தமிழ்நாட்டுக்குப் பதினொன்று,
மிச்சம் அகர்தலாவில், இரவல் ஆட்டக்காரனாக.
எல்லாம் சேர்த்து ஒரே வரி.

பனி விலகுமென்று ஸ்வெட்டரோடு காத்திருந்த காலைகள் அதில் இல்லை.
ரயில் மேல்படுக்கையில் கால் நீட்ட விடாத கிட் பை இல்லை.
ஹோட்டல் சுவரில் ஒட்டிய பதினோரு பெயர்களை
கீழிருந்து மேலாகத் தேடும் பழக்கம்,
ஏலத்தில் இவன் பெயர் வருமுன்
மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்த கூட்டம்,
எதுவும் இல்லை.
விக்கெட்டுகள்: தொண்ணூற்றெட்டு.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"கட்டாக்" என்றான். "கடைசி மேட்ச்.
காலையில ஒன்பதரை. எட்ஜ் ரெண்டு.
ரெண்டும் கீப்பர் கைக்கு, ரெண்டும் தரைக்கு."
அப்புறம்?
"அப்புறம் அவங்க டிக்ளேர் பண்ணிட்டாங்க."
கோப்பிப் பையின் கயிற்றைச் சுண்டுவிரலில் இறுக்கிச் சுற்றினான்.
"தேப்பர்மான்னு பேரு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான்.
பிள்ளைங்க படிப்பு, அகர்தலா மழை,
புது வீட்டுக்கு என்ன கலர் பெயிண்ட்டுன்னு கூடப் பேசுவான்."
அதோடு நிறுத்திக்கொண்டான்.

என் வலது கையுறை ஈரமாக மடியில் கிடந்தது.

ஆட்டம் கைவிடப்பட்டது. புள்ளிகள் பாதிப்பாதி.
நடுவர் பெயில்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
டாக்சி பிடித்துப் போய்விட்டார்.
செயற்கைப் புல்லில் தண்ணீர் மினுங்கியது.
எபனேசர் ஷூவைக் கழற்றிவிட்டு
ஒரு பழைய பந்தோடு இறங்கினான்.
யாரையும் கூப்பிடவில்லை.
நான் போய் உட்கார்ந்தேன், ஒரு சாண் நெருங்கி.
எதிரே மட்டை இல்லை, தலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் இடி.

ஆறு எட்டு. அந்தச் சீறல்.
பந்து ஈரத்தில் வழுக்கி, சட்டென்று நிமிர்ந்து
என் தோளைத் தாண்டி, கோட்டைத் தாண்டி
லோங்காங்கில் விழுந்தது.

"பைஸ். நாலு" என்றான்.
அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வடிகால் ஓரமாக ஓடினோம்,
பேட் கட்டிய காலோடு நான், வெறுங்காலோடு அவன்.
காலாங் பக்கம் விரையும் சேற்றுத் தண்ணீரில்
சிவப்பாக ஒன்று முங்கி எழுந்தது.
"அதோ!" என்றேன்.
"தக்காளிடா" என்றான், ஓடிக்கொண்டே.